தரம் 1, 2 பிள்ளைகள் பாடசாலையில் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவுச் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் அம்மாமார், அப்பாமார், அம்மம்மாமார் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். வாசலில் மணி அடித்த பிறகு நின்று விளக்கமாகப் பேச நேரம் கிடைப்பதில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். நான் சொல்வது அரச பாடசாலைகளின் தமிழ் மொழிமூல வகுப்புகளைப் பற்றியது. நேரங்களும் ஒழுங்குகளும் பாடசாலைக்குப் பாடசாலை கொஞ்சம் மாறும்.

எத்தனை வயதில் தரம் 1 இல் சேர்க்க வேண்டும்?

அந்த ஆண்டு ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். விண்ணப்பத்தை முந்தைய ஆண்டிலேயே கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்களையும் நேரத்தோடு எடுத்து வையுங்கள். பிப்ரவரியில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் "ஒரு வருடம் வீணாகிறதே" என்று கவலைப்படுவார்கள். வீணாகாது. வகுப்பில் வயது கூடிய பிள்ளைகள் பெரும்பாலும் தைரியமாக இருப்பதைத்தான் பார்க்கிறேன்.

முதல் நாள் பிள்ளை அழுதால் என்ன செய்வது?

அழுவது இயல்பு. முதல் நாள் கால்கோள் விழா நடக்கும். தரம் 2 பிள்ளைகள் பூக்கொத்தோ பலூனோ கொடுத்துப் புதியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். அந்தக் கலகலப்பில் முதல் நாள் அநேகமானவர்கள் அழ மாட்டார்கள். இரண்டாம், மூன்றாம் நாள்தான் அழுகை வரும். அன்றைக்கு வாசலில் சொல்லிவிட்டுப் போங்கள். "மணி அடிச்சா அம்மா இந்த மரத்தடியில நிப்பன்" என்று சொல்லி, அந்த மரத்தடியிலேயே நில்லுங்கள். சொல்லாமல் ஒளிந்து போனால் அடுத்த நாள் பிள்ளை உங்கள் சட்டையை விடாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஒரு அம்மாவின் முகம் தெரிந்தால் வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு அம்மா நினைவு வந்துவிடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

7.30 இற்குப் பாடசாலை தொடங்கும். அதற்கு முன்னே வந்த பிள்ளைகள் வகுப்பைக் கூட்டி, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். தரம் 1 பிள்ளைக்குத் தும்புத்தடி உயரம்தான். ஆனால் தன் இடம் என்ற எண்ணம் அதில்தான் வரத் தொடங்குகிறது. பிறகு காலைக்கூட்டம். தேசிய கீதம், தேவாரம் அல்லது அந்தந்தப் பாடசாலையின் பிரார்த்தனை. முஸ்லிம் பாடசாலைகளில் கிராஅத்.

வகுப்புக்குள் வந்ததும் இடாப்பு. பெயர் கூப்பிடும்போதே நான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொள்வேன். யார் சாப்பிடாமல் வந்தது, யார் இரவு நித்திரை கொள்ளவில்லை, யாருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரியும். அப்புறம் நிலத்தில் வட்டமாக இருந்து கதைப்போம். நேற்று வீட்டில் என்ன நடந்தது, வரும் வழியில் என்ன கண்டது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். "அப்பாட வலையில ஆமை பட்டது", "எங்கட ஆடு குட்டி போட்டது" என்று தொடங்கும் செய்திகளிலிருந்துதான் அன்றைய பாடத்தின் பாதி பிறக்கும். ஆடு குட்டி போட்ட நாளில் ஆட்டுப் பாட்டு, குட்டிகளை எண்ணுதல், ஆட்டின் படம், "ஆடு" என்ற சொல் எல்லாமே ஒன்றோடொன்று சேர்ந்து வரும்.

அதற்குப் பிறகு மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம் ஆகிய நான்கும்தான் அடிப்படை. சித்திரம், பாட்டு, ஆட்டம், உடற்பயிற்சி இவற்றுக்கிடையே கலந்திருக்கும். இவை எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர்தான் படிப்பிப்பார். இடையில் சாப்பாட்டு நேரம். தரம் 1, 2 பிள்ளைகள் அநேகமான பாடசாலைகளில் 11.30 மணியளவில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேல் வகுப்புகள் 1.30 வரை இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம் பாடசாலைகள் ஜும்ஆவுக்காக நேரத்தோடு முடியும்.

கொப்பியைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. பிள்ளை சும்மா இருந்துவிட்டு வருகிறதா?

ஒரு வருடத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "டீச்சர், இண்டைக்கும் புள்ள ஒண்டும் எழுதல்ல" என்று மிகுந்த கவலையோடு சொல்வார்கள்.

1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள். தரம் 1, 2 முதலாவது. தரம் 3, 4 இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. பிள்ளை மூன்று வழிகளில் கற்கிறது: விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் எழுத்து வேலை. முதலாம் நிலையில் விளையாட்டுக்குத்தான் அதிக இடம். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறக்குறைய சமம். தரம் 5 இல் எழுத்து வேலை கூடும். ஆகவே தரம் 1 பிள்ளையின் கொப்பி வெறுமையாக இருப்பது பாடத்திட்டப்படி நடக்கிறது. ஆசிரியர் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்களும் மணிக்கட்டும் பென்சிலை நீண்ட நேரம் பிடித்து எழுதும் அளவுக்கு இன்னும் இறுகவில்லை. அந்தக் கைக்கு முதலில் களிமண் பிசைய வேண்டும், கடதாசி கிழித்து ஒட்ட வேண்டும், மணி கோர்க்க வேண்டும், தென்னோலையில் பாம்பு பின்ன வேண்டும். கொக்கான் வெட்டும் பிள்ளையைப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே கிடப்பதை அள்ளி, விழும் கல்லையும் ஏந்தும்போது கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒற்றைக் கோட்டுக்குள் எழுத்தை நிறுத்துவதற்கு வேண்டியதும் அதே பயிற்சிதான். விளையாடும்போது முறை வரும்வரை காத்திருக்கிறது. தோற்றால் அழாமல் இருக்கப் பழகுகிறது. சொன்னதைக் கேட்டு அதன்படி செய்கிறது. இவை எதுவும் கொப்பியில் தெரியாது.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "என்ன எழுதின?" என்று கேட்டால் "ஒண்டும் இல்ல" என்ற பதில்தான் வரும். "யாரோட விளையாடின? என்ன பாட்டுப் படிச்ச? டீச்சர் என்ன கதை சொன்னா?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் விடாமல் சொல்லும்.

முன்பள்ளியிலேயே 247 எழுத்தையும் எழுதப் பழக்கிவிட்டோம். மறுபடி முதலிலிருந்தா?

அகர வரிசையை ஒப்பிப்பது வேறு, எழுத்தை அறிவது வேறு. "அ, ஆ, இ, ஈ" என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் நடுவிலிருந்து "ஊ" என்ற அட்டையை எடுத்துக் காட்டினால், முதலிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துதான் கண்டுபிடிக்கும். வகுப்பில் நாங்கள் ஒலியிலிருந்தும் சொல்லிலிருந்தும் போகிறோம். "பட்டம், படம், பல்லு எல்லாத்துக்கும் முதல்ல என்ன சத்தம் வருது?" என்று காதைப் பழக்குகிறோம். எழுத்தும் அகர வரிசையில் வராது. ட, ப, ம, ய போல நேர்கோட்டில் அமைந்த எழுத்துகள் கைக்கு இலகு என்பதால் முதலில் வரும். அ, இ போலச் சுழியுள்ளவை பிறகு. முதலில் மணலில் விரலால், அப்புறம் காற்றில், அப்புறம் சிலேட்டிலோ கரும்பலகையிலோ, கடைசியில்தான் கொப்பியில்.

வீட்டில் எழுத்துப் பழக்குவது பிழை என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் நிறைய ஒரே எழுத்தை எழுத வைப்பதைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன். மூன்றாம் வரியிலிருந்து பிள்ளை பார்த்து எழுதுவதில்லை, கீறிக்கொண்டு போகிறது. அதோடு எழுதும் திசையும் முறையும் பிழையாகப் பழகிவிட்டால் திருத்த மாதக்கணக்கில் ஆகிறது.

கணக்கு?

எண்ணுவதற்குப் பொருள் வேண்டும். புளியங்கொட்டை, சோகி, சிப்பி, போத்தல் மூடி, ஈர்க்கு எல்லாம் வகுப்பில் டப்பா டப்பாவாக இருக்கும். பத்து ஈர்க்கை எண்ணி ரப்பர் வளையத்தால் கட்டினால் அது ஒரு பத்து. இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் சேர்ந்தால் இருபத்து மூன்று. அந்தக் கட்டைத் தானே கட்டிய பிள்ளைக்குப் பின்னால் "கடன் வாங்கிக் கழித்தல்" வரும்போது பயமில்லை. கட்டை அவிழ்த்தால் பத்து ஈர்க்கு கிடைக்கும் என்று அதற்கு முன்பே தெரியும்.

வகுப்பில் ஒரு கடை வைப்போம். வெறும் பெட்டிகள், விளையாட்டுக் காசு, ஒரு முதலாளி, நிறைய வாடிக்கையாளர். வீட்டிலும் இது முடியும். சந்தைக்குப் போனால் பிள்ளையிடம் மாம்பழத்தை எண்ணிப் பையில் போடச் சொல்லுங்கள்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடு என்றால் என்ன? அதற்குப் பரீட்சை உண்டா?

நீர், உணவு, செடிகொடி, பிராணிகள், வீடு, போக்குவரத்து, நமக்கு உதவுவோர் என்று பிள்ளையைச் சுற்றி உள்ளவற்றைப் பார்த்து, தொட்டு, கேட்டு அறிவது. ஒரே விடயங்கள் ஒவ்வொரு தரத்திலும் திரும்ப வந்து ஆழமாகிக்கொண்டு போகும். தரம் 1, 2 இல் இதை எழுத்துப் பரீட்சையாக நினைக்க வேண்டாம். பிள்ளை செய்வதைப் பார்த்தே ஆசிரியர் கணிப்பார்.

என் மனதுக்கு மிகப் பிடித்த பாடம் இது. நம் பிள்ளைகள் பிறந்து வளரும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், நடுவில் வாவி, அந்தப் பக்கம் படுவான்கரை என்று சொல்லும் வாவியின் மேற்குக் கரை வயல். "நீர்" என்ற பாடத்துக்கு மட்டக்களப்பைவிட நல்ல இடம் வேண்டுமா? கடல் தண்ணீர் உப்பு. கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம். வாவித் தண்ணீர் ஏன் சில காலம் உப்புக் கூடி, சில காலம் குறைந்து இருக்கிறது? மழை வெள்ளம் வந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படும் கதையை ஒரு மீன்பிடிக்காரர் வகுப்புக்கு வந்து சொன்னால் பிள்ளைகள் கண்வெட்டாமல் கேட்பார்கள். மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெரும்போகம், சிறுபோகம், வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடை, வரம்பு எல்லாம் தெரியும். யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடக் கூடாது என்றும் தெரியும். வாழைச்சேனை, கல்முனைப் பிள்ளைக்கு மீன்களின் பெயர் வரிசையாக வரும். பாடநூலில் உள்ள படத்தைக் காட்டி "இது நெல்" என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை எங்களுக்குச் சொல்லித் தரும்.

ஊர்ப் பெரியவர்களைப் பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்வோம். 1892 இல் காரைதீவில் பிறந்து, கல்லடியில் பாடசாலை அமைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த சுவாமி விபுலாநந்தர் வந்து போன பாதைகளில்தான் இவர்கள் நடந்து வருகிறார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே அறிவது நல்லது.

ஆங்கிலமும் சிங்களமும் எப்போது?

தரம் 1, 2 இல் ஆங்கிலம் பேச்சு மட்டும்தான். பாட்டு, விளையாட்டு, சின்னக் கட்டளைகள். பாடநூலோடு முறையாகப் படிப்பது தரம் 3 இலிருந்து. சிங்களமும் முதலில் பேச்சு வழியாகவே வருகிறது. இந்த இரண்டு வருடத்தில் தமிழ் நன்றாக ஊன்றட்டும். ஒரு மொழியில் சரளமாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைதான் மற்ற மொழியையும் துணிந்து பேசுகிறது.

சமய பாடம்?

பிள்ளையின் சமயம் எதுவோ அதுதான். சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று பிரிந்து போய்ப் படிப்பார்கள். ஆனால் வாணி விழாவிலும் ஒளி விழாவிலும் எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள்.

பாடசாலையில் சாப்பாடு கொடுக்கிறார்கள்தானே, வீட்டிலிருந்து கொடுத்துவிட வேண்டுமா?

2024 இலிருந்து அரச பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. சோறும் கறியும், சில நாள் கடலையோ கௌபியோ, முட்டை என்று வரும். பல இடங்களில் ஊர்த் தாய்மார்தான் சமைத்துக் கொண்டு வருகிறார்கள். சாப்பிட முன் வரிசையாகக் கை கழுவுவதும், சிந்தாமல் சாப்பிடுவதும், தட்டைக் கழுவி வைப்பதும் படிப்பில் ஒரு பகுதியே.

ஆனாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். காலையில் ஒரு துண்டு பிட்டும் வாழைப்பழமும், இல்லாவிட்டால் ஒரு கோப்பை இலைக்கஞ்சி போதும். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாட்டுக்கூட ஏறாது. பைக்கட்டு நொறுக்குத்தீனியும் நிறம் போட்ட பானமும் கொடுத்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர் கட்டாயம் வேண்டும், முக்கியமாகச் சூடான, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்.

மழைக்காலத்தில் அனுப்பலாமா?

நமக்குப் பெருமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. புதிய ஆண்டு தொடங்கும் காலமும் அதுவே. பாதையில் வெள்ளம் ஓடினால், தோணியில் கடக்க வேண்டியிருந்தால், அனுப்ப வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் போதும். தூறலுக்கெல்லாம் மறிக்கவும் வேண்டாம். தரம் 1 இல் தொடர்ந்து பல நாள் வராத பிள்ளைக்கு வகுப்பு மறுபடி அந்நியமாகிவிடுகிறது. முதல் நாளின் அழுகை திரும்ப வரும். தவறிய நாட்களில் எழுதியதைப் பார்த்தெழுத வைப்பதைவிட, அந்த நாட்களில் படித்த பாட்டையும் கதையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பழகச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு எழுத்து ஏறவே இல்லை. மந்தமோ?

அந்தச் சொல்லைப் பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்க்க வேண்டும். கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா? பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? தரம் 1 இல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள், கிளினிக் கொப்பியையும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பல்லு, நிறை, உயரம், கண் எல்லாம் பார்ப்பார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளை இனங்காணும் வேலையும் நடக்கும். என்ன தெரிந்துகொண்டு வருகிறது, எதில் கூச்சம், கை எப்படி, பேச்சு எப்படி என்று விளையாட்டுகள் மூலம் ஆசிரியர் குறித்துக்கொள்வார். இது வடிகட்டும் சோதனை இல்லை. யாருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அறிவதற்காக. ஒவ்வொரு நிலை முடிவிலும் எல்லாப் பிள்ளையும் அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் உண்டு. தரம் 1 இல் வராதது தரம் 2 இல் வரலாம். அதற்குத்தான் இரண்டு வருடத்தை ஒரே நிலையாக வைத்திருக்கிறார்கள். தரம் 2 இன் நடுப்பகுதியிலும் எழுத்தை இடம் வலம் மாற்றித் திருப்பி எழுதினால், எளிய சொல்லையும் வாசிக்கச் சிரமப்பட்டால், விசேட கல்வி பற்றி ஆசிரியரோடு இருந்து பேசுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

"அடிச்சுப் படிப்பியுங்கோ டீச்சர்" என்று நாங்களே சொன்னால்?

சொன்னாலும் அடிக்க மாட்டோம், அடிக்கக் கூடாது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. பிள்ளைக்கு எங்கேயாவது துன்பம் நடந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் பயந்த பிள்ளை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று எனக்கும் தெரியாது.

புலமைப்பரிசிலுக்கு இப்போதே ரியூஷன் போடலாமா?

தரம் 1, 2 பிள்ளைக்கா? வேண்டாம்.

அந்தப் பரீட்சை தரம் 5 இல் வருவது. இரண்டு வினாத்தாள். நோக்கமும் இரண்டு: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பண உதவி, வசதி கூடிய பாடசாலைகளில் தரம் 6 இற்கு இடம். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையும் தரம் 6 இற்குப் போகும், சாதாரண தரம் எழுதும், உயர்தரம் எழுதும்.

ஊரில் புலமைப்பரிசில் முடிவு வந்த அன்று பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போட்டுத் தூக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பதாகையில் இல்லாத பிள்ளைகளைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். பத்து வயதில் "நான் தோற்றவன்" என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது. அதற்கு ஆறு வயதிலிருந்தே பயிற்சி கொடுப்பதும் கூடாது. காலை பாடசாலை, பின்னேரம் ரியூஷன், இரவு வீட்டுப்பாடம் என்று ஓடும் தரம் 2 பிள்ளை வகுப்பில் மேசையில் தலையை வைத்துத் தூங்குகிறது. அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். விளங்கி வாசிக்கத் தெரிந்த பிள்ளை தரம் 5 இல் எந்த வினாவையும் தானே அணுகும்.

அம்மா வெளிநாட்டில். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யார் சொல்லிக் கொடுப்பது?

நம் பக்கத்தில் இப்படியான வீடுகள் நிறைய. அம்மம்மாமாரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்களால் முடியாதது மிகக் கொஞ்சம். கதை தெரியுமே. தாலாட்டுத் தெரியும், விடுகதை தெரியும், நாட்டுப் பாட்டுத் தெரியும். இரவில் அதைச் சொல்லுங்கள். சொல்வளம் அங்கிருந்துதான் வருகிறது. நாள்தோறும் பாடநூலை எடுத்து வைத்து, "எனக்கு வாசிச்சுக் காட்டு மகள்" என்று கேளுங்கள். பிள்ளை வாசிப்பது சரியா பிழையா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்வோம். கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளை வாசிக்கும். அம்மா தொலைபேசியில் எடுக்கும்போது "படிச்சியா?" என்று கேட்டு வைக்காமல், இன்று படித்த பாட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

பையில் என்ன வைப்பது, ஆசிரியரை எப்போது சந்திப்பது?

பாடநூல்கள் இலவசமாகத் தருவோம். சீருடைத் துணியும் கிடைக்கும். நேர அட்டவணைப்படி அன்றைய புத்தகங்கள், ஒரு கொப்பி, தீட்டிய இரண்டு பென்சில், அழிரப்பர், தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்னத் துவாய். இவ்வளவும் போதும். எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். கழற்றிப் போட இலகுவான சப்பாத்தை வாங்குங்கள், லேஸ் கட்ட ஆறு வயதில் பலருக்கு வராது.

சந்திக்க வேண்டுமானால் காலையில் இடாப்பு நேரத்தில் வராதீர்கள், அப்போது என் கண் பிள்ளைகள் மீது இருக்க வேண்டும். 11.30 இற்குப் பிள்ளைகளை விட்ட பிறகு வாருங்கள், இருந்து பேசலாம். அப்பாமாரும் வரலாம். வீட்டில் யாருக்காவது சுகமில்லை, சண்டை, புதுத் தம்பி பிறந்திருக்கிறது, வீடு மாறினீர்கள் என்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையை என் பக்கத்தில் இருத்திக்கொள்வேன்.